நாளை வருபவன் கூலி

ஒரே விமான நிலையம், ஒரே நிறுவனம், ஒரே வகை விமானங்கள் இரண்டு. இரண்டிலும் தலைமை விமானிக்கு வலப்புறத்தில் துணை விமானி ஒருவர் அமர்ந்திருக்கிறார். இருவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள். ஒரே தேர்வில் தேறியவர்கள். ஒரே உடை உடுத்தவர்கள். இருவரையும் நம்பி நூற்றுக்கு மேற்பட்டோர் பின்னே அமர்ந்திருக்கின்றனர். கைக்குழந்தையும் கிழவியும், வணிகனும் மாணவனும். புயல் வந்தால் இரண்டு விமானங்களும் ஒன்றுபோலவே குலுங்கும். ஆனால், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பிரித்தால், ஒருவர் சீட்டில் உள்ள தொகை மற்றவர் சீட்டில் இல்லை. மிக மிகக் குறைவு!

ஏன் இந்த வேற்றுமை? இவருக்குத் திறமை குறைவா? இல்லை. பொறுப்பு குறைவா? இல்லை. உழைக்கும் நேரம் குறைவா? அதுவும் இல்லை. அவர் வேலையில் சேர்ந்தது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பு; இவர் சேர்ந்தது அதற்குப் பின்பு. அவ்வளவே!

இது கற்பனையன்று. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் பெருநிறுவனத்தில் நடந்தது. நிறுவனத்தார் நீட்டிய ஒப்பந்தத்தை விமானிகள் ஏற்றனர். 'இப்போது பணியில் இருப்போர் ஊதியத்தில் கை வைக்கமாட்டோம். இனிமேல் வருவோருக்கு மட்டும் குறைந்த ஊதியம்' என்பது அதன் சாரம். பழையவருக்கு 'ஏ' விகிதம். புதியவருக்கு 'பி' விகிதம். ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள். இடையிலே எழுந்ததோ ஒரு மதில்!

இங்கேதான் அறநூல்களெல்லாம் அதிகம் பேசாத ஒரு கேள்வி பிறக்கிறது. தன் கூலியைக் குறைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. பக்கத்தில் இருப்பவன் கூலியைக் குறைக்க முயன்றால், அவன் எழுந்து நின்று எதிர்ப்பான். ஆனால், இன்னும் வராதவன் கூலியை, வாக்களிக்க முடியாதவன் கூலியை, பெயர்கூடத் தெரியாத ஒருவன் கூலியை, இருப்பவர்கள் கூடிப் பேசி விற்றுவிடலாமா?

"விமானிகள் சம்பளத்தைப் பற்றி நமக்கென்ன கவலை? அவர்கள் பெறுவது ஆயிரமாயிரம் டாலர்! கூழுக்கு உப்பின்றித் தவிப்பவன் இருக்க, வானத்தில் பறப்பவனுக்காக வாதாடவேண்டுமா?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் இங்கே பேசுவது தொகையைப் பற்றியன்று, முறையைப் பற்றி. பத்து ரூபாய் வாங்குபவனிடம் நடந்தால் அநீதி, பதினாயிரம் வாங்குபவனிடம் நடந்தால் நீதி என்று தராசு மாறுவதில்லை. மேலும், நன்கு படித்து, நன்கு சம்பாதித்து, வலிமைமிக்க சங்கமும் வைத்திருக்கிற தொழிலாளரிடமே இந்தச் சூழ்ச்சி செல்லுபடியாகுமானால், நாதியற்ற தொழிலாளியிடம் அது எத்துணை எளிதாகச் செல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

விமானியின் ஊதியத்தைக் கணக்கிடும் முறையே வேடிக்கையானது. அமெரிக்க விமானிக்கு மாதச் சம்பளம் என்பதைவிட மணிச் சம்பளம் என்பதே பொருந்தும். எந்த மணி? கதவடைத்து விமானம் நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, சென்ற ஊரில் வந்து நிற்கும் நொடிவரை உள்ள மணி. வானிலை பார்ப்பதும், எரிபொருள் கணக்கிடுவதும், இயந்திரத்தைச் சுற்றிவந்து சோதிப்பதும், அடுத்த விமானத்துக்காக நிலையத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் பணியில் இருந்தவன் ஆறு மணி நேரத்துக்கே ஊதியம் காணும் நாளும் உண்டு. ஆகவேதான் அவர்கள் ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீள்கின்றன. 'இத்தனை மணி பணியில் இருந்தால் குறைந்தது இத்தனை மணி ஊதியம்', 'வீட்டைவிட்டு இத்தனை மணி பிரிந்திருந்தால் இத்தனை மணி ஊதியம்', 'அழைப்புக்காகக் காத்திருப்பவனுக்கு மாதம் இத்தனை மணி உறுதி' என்று விதிமேல் விதி. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பழைய மனக்குறை இருக்கிறது.

அந்த விதிகளில் மிகப் பழையது ஒன்றைச் சொல்லவேண்டும். 1931இல் டேவிட் பென்கி என்பவர் முன்னின்று அமெரிக்க விமானிகள் சங்கத்தை அமைத்தார். அக்காலத்தில் விமானிகள் கடந்த தொலைவுக்கும் ஊதியம் பெற்றுவந்தனர். பிறகு வேகமான புதிய விமானங்கள் வந்தன. எண்பது மணி நேரத்தில் எட்டாயிரம் மைல் பறந்தவன், அதே எண்பது மணியில் பன்னிரண்டாயிரம் மைல் பறக்கலாம் என்ற நிலை வந்ததும் நிறுவனத்தார் விழித்துக்கொண்டனர். "இனி மைல் கணக்கு வேண்டா, மணிக் கணக்கே போதும்" என்றனர். அதாவது, வேகத்தால் விளையும் ஆதாயம் முழுவதும் முதலாளிக்கு! "வேகம் கூடினால் ஆபத்தும் கூடுகிறது, பொறுப்பும் கூடுகிறது, பயன் மட்டும் எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டனர் விமானிகள். 1934 மே மாதத்தில் தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83ஆம் தீர்ப்பை வழங்கியது. அடிப்படை ஊதியம் ஒன்று, மணிக்கு ஒன்று, அதுவும் விமானத்தின் வேகத்துக்கேற்ப, மைலுக்கு ஒன்று, மாதத்துக்கு 85 மணிக்குமேல் பறக்கலாகாது என்று ஒரு வரம்பு.

இந்தத் தீர்ப்பு சொன்ன உண்மை என்ன? இயந்திரம் வளர்ந்தால் அதன் விளைச்சலில் உழைப்பவனுக்கும் பங்கு உண்டு என்பது. அன்று அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர்கள் சில நூறு விமானிகளே. அதன் பயனை நுகர்ந்தவர்களோ பிறகு வந்த ஆயிரமாயிரம் பேர். முன்னோர் நட்ட மரம், பின்னோருக்கு நிழல்.

அந்த நிழலில் வளர்ந்தவர்களே, 1983இல், தங்களுக்குப் பின் வருபவனுக்கு நிழல் இல்லை என்று எழுதிக் கொடுத்தனர்!

அவர்களைக் கயவர் என்று தூற்றுவது எளிது. நாம் அப்படித் தூற்றப் போவதில்லை. 1978இல் விமானப் போக்குவரத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் அங்கே பிறந்தது. கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு வரையறுத்த காலம் போயிற்று. சங்கமில்லாத புதிய நிறுவனங்கள் மலிவுக் கட்டணத்தோடு களத்தில் குதித்தன. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டு, பழைய ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்து, ஊதியத்தைப் பாதியளவுக்கு வெட்டி, 'விருப்பமிருந்தால் வா' என்றது. அந்த இடியோசை கேட்ட காதுகளில், 'உங்கள் ஊதியம் குறையாது, வேலை போகாது, புதியவன் மட்டும் குறைத்து வாங்கட்டும்' என்ற சொல் தேனாக இனித்ததில் வியப்பில்லை. மனைவி மக்களை உடையவன் அஞ்சுவான். அச்சம் குற்றமன்று. ஆனால், அச்சத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதிலேதான் குற்றமும் குணமும் இருக்கின்றன.

அந்த ஒப்பந்தத்தை ஆதரித்தோர் சொன்ன காரணங்கள் இரண்டு. இரண்டையும் நேராகவே பார்ப்போம்.

"புதியவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே! ஊதியம் இவ்வளவுதான் என்று தெரிந்துதானே கையெழுத்திட்டான்?" என்பது முதற் காரணம். தெரிந்து கையெழுத்திட்டதனால் மட்டும் ஒன்று நீதியாகிவிடுமா? பசித்தவன் எதற்கும் கையெழுத்திடுவான். கொத்தடிமைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவனும் தெரிந்துதான் வைத்தான். வேறு வழியில்லாதவனுடைய சம்மதம் அவனுடைய தேவையைக் காட்டும். எதிரே நிற்பவனுடைய நேர்மையைக் காட்டாது.

"நிறுவனம் வளரவேண்டாமா? செலவு குறைந்தால்தானே புதிய விமானம் வாங்கலாம். புதிய விமானம் வந்தால்தானே புதியவனுக்கு வேலை?" என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. அந்த நிறுவனம் அதன்பின் வேகமாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்தது. அந்த வேலைகளில் பல, 'பி' விகிதம் இல்லாவிடில் பிறந்திரா என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி நிற்கிறது: வளர்ச்சிக்குத் தியாகம் தேவையென்றால், அந்தத் தியாகத்தை எல்லாரும் பகிர்ந்துகொண்டால் என்ன? நூறு பேர் உண்ணும் பந்தியில் சோறு குறைந்தால், ஆளுக்கு ஒரு பிடி குறைத்துக்கொள்வது பண்பு. பந்திக்குப் பிந்தி வந்த பத்துப் பேருக்கு அரை வயிறு என்று சொல்லிவிட்டு, முந்தி வந்தவர்கள் ஏப்பம் விடுவது எந்த ஊர்ப் பண்பு?

இந்தக் கேள்விக்கு ஏட்டில் அல்ல, தெருவில் விடை எழுதினர் வேறு சில விமானிகள். அதுதான் 1985ஆம் ஆண்டின் யுனைடெட் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தம்.

யுனைடெட் நிறுவனத்தாரும் அதே இரட்டை விகிதத்தைக் கேட்டனர். 'உங்களுக்கு ஒன்றும் குறையாது. வருபவனுக்குத்தான்' என்ற அதே தேன் தடவிய சொல். மே 17ஆம் நாள் ஏறத்தாழ ஐயாயிரம் விமானிகள் பணியை நிறுத்தினர். 29 நாள் நடந்தது போராட்டம். அவர்கள் முதன்மையாகப் போராடியது தங்கள் ஊதியத்துக்காக அன்று, வரப்போகிறவன் ஊதியத்துக்காக!

அப்போராட்டத்தில் நம் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி வேறொன்று உண்டு. வேலைநிறுத்தத்தை எதிர்பார்த்து, நிறுவனம் முன்கூட்டியே 570 இளைஞர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி அளித்து வைத்திருந்தது. எந்தப் புதியவனுக்காகப் பழையவர்கள் வெளியே நின்றார்களோ, அந்தப் புதியவர்களே இவர்கள். உள்ளே போனால் வேலை உறுதி; கனவு கைகூடும். போகாவிட்டால் எல்லாம் பாழ். சங்கத்தில் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. கடமை என்று சொல்லக்கூட எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும், மிகச் சிலரைத் தவிர, அந்த இளைஞர்கள் மறியல் கோட்டைத் தாண்டவில்லை! போராட்டம் முடிந்ததும் நிறுவனம் அவர்களுக்கு வேலை தர மறுத்தது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த இளைஞர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

பழையவன் புதியவனுக்காக வெளியே வந்தான். புதியவன் பழையவனுக்காக உள்ளே போகவில்லை. ஒருவரையொருவர் பெரும்பாலும் அறியாதவர்கள், ஒருவருக்கொருவர் கடன்பட்டிராதவர்கள். மோட்சம் கிடைக்கும் என்று எந்தப் புராணமும் அவர்களுக்கு ஆசை காட்டவில்லை. நரகம் கிடைக்கும் என்று எவரும் அச்சுறுத்தவுமில்லை. கடவுள் பயம் இல்லாவிட்டால் மனிதன் ஒழுக்கம் கெட்டுவிடுவான் என்று ஓதுகிறவர்கள் இந்த 570 பேரை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்!

முழு வெற்றி கிடைத்ததா? இல்லை. புதியவருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்குக் குறைந்த விகிதம் என்று உடன்பாடு ஏற்பட்டது. நெடுங்காலத்துக்கு என்று எழுப்பப்பட இருந்த மதில், ஐந்தாண்டுக்கு என்று குறுகியது. பின்னாளில் அந்த இரட்டை விகிதமே பெரிய நிறுவனங்களில் கரைந்து மறைந்தது. காரணம் எளிது. 'பி' விகிதத்தார் ஆண்டுதோறும் பெருகினர். சங்கத்தில் அவர்கள் வாக்கும் பெருகிற்று. நேற்று விற்கப்பட்டவன் இன்று வாக்குச்சீட்டோடு வந்து நின்றான்.

விமானிகள் தூய தியாகிகள் என்று முடிசூட்டவும் நமக்கு விருப்பமில்லை. புதியவன் மலிவானால், நாளை நிறுவனம் மலிவானவனையே நாடும், தம் நிலையும் ஆட்டங்காணும் என்ற கணக்கும் அவர்கள் நெஞ்சில் இருந்திருக்கும். இருக்கட்டுமே! தன்னலமும் பிறர் நலமும் ஒரே பாதையில் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். "இருபது ஆண்டு உழைத்தவனுக்கு அதிகம், நேற்று வந்தவனுக்குக் குறைவு என்பது எங்கும் உள்ளதுதானே! விமானிகளிடத்தும் மூப்பு வரிசை உண்டே. யார் எந்த விமானம் ஓட்டுவது, யாருக்கு எந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் சேர்ந்த நாளைக் கொண்டுதானே முடிவாகிறது! அதுவும் அநீதியா?"

அன்று. ஏணி வேறு, மதில் வேறு. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவன் நாளை மேற்படிக்குப் போவான். மேலே நிற்பவனும் நேற்று கீழே நின்றவன்தான். காலம் எல்லாரையும் ஒரே வழியில் அழைத்துச் செல்கிறது. மதிலோ, பத்தாண்டு உழைத்தபின்னும், பழையவன் தன் பத்தாம் ஆண்டில் பெற்றதை இவன் தன் பத்தாம் ஆண்டில் பெறவிடாமல் தடுத்து நிற்கிறது. உழைப்பால் தாண்டமுடியாதது, அறிவால் தாண்டமுடியாதது, நாளால் அமைந்தது. பிறந்த குடியைக் காட்டி 'நீ அங்கே நில்' என்று சொன்னவர்களை நாம் அறிவோம். சேர்ந்த நாளைக் காட்டி 'நீ அங்கே நில்' என்பது அதன் தம்பி முறையன்றோ? இரண்டிலும், மனிதன் செய்ததை விட்டுவிட்டு, அவன் செய்யாத ஒன்றுக்காக அவனைத் தண்டிக்கிறார்கள்.

தொலைவில் நடந்த கதை என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. ஆசிரியத் தொழில் நம்முடையது. அதில் இந்த மதிலை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் 2009 மே 31ஆம் நாள்வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் முதல் நாள் தொட்டுச் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்று அமைந்தது. ஒரே கரும்பலகை, ஒரே பாடநூல், ஒரே பிள்ளைகள். ஓர் இரவுக்கு விலை 3,170 ரூபாய்! 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னையில் பட்டினி கிடந்தும் மறியல் செய்தும் கேட்ட கேள்வி, 1985இல் அமெரிக்க விமானிகள் கேட்ட அதே கேள்வி.

மதில் ஓரிடத்தில் இடிந்தால் வேறிடத்தில் வேறு வடிவில் எழும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. பெரிய நிறுவனங்கள் தம் சிறு வழித்தடங்களைத் துணை நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. விமானத்தின் மேலே பெரிய நிறுவனத்தின் பெயரும் வண்ணமும். உள்ளே ஓட்டுபவனுக்கோ சிறிய நிறுவனத்தின் கூலி! 2009 பிப்ரவரி 12ஆம் நாள் பஃபலோ நகருக்கு அருகே அப்படிப்பட்ட விமானம் ஒன்று, கான்டினென்டல் பெயர் தாங்கிப் பறந்த கோல்கன் நிறுவனத்தின் விமானம், வீழ்ந்து 50 பேர் மாண்டனர். விபத்துக்குக் காரணம் தலைமை விமானியின் தவறான இயக்கம் என்றே விசாரணை முடிவு கூறியது. கூலியைக் காரணமாக்குவது பொய்யாகும். ஆனால் அந்த விசாரணையின்போதுதான், துணை விமானியின் சொற்ப ஊதியமும், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரவெல்லாம் பயணம் செய்து அவர் பணிக்கு வந்த கதையும் ஊரறியத் தெரிந்தன. பயணச்சீட்டு வாங்கியவர் எவரும் 'இது எந்த விகிதத்து விமானி?' என்று கேட்டு ஏறியதில்லை.

பிறகு காற்று திசை மாறிற்று. பெருந்தொற்றுக்குப்பின் விமானிகள் கிடைப்பது அரிதாயிற்று. பேரம் பேசும் வலிமை அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2022 நவம்பரில், யுனைடெட் விமானிகள் தம் முன் வைக்கப்பட்ட ஒப்பந்த வரைவை நூற்றுக்கு 94 வாக்குகளால் தள்ளினர். 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்காண்டில் 34 விழுக்காடு ஊதிய உயர்வு தரும் ஒப்பந்தத்தை ஏற்றனர். ஆதரித்தவர் நூற்றுக்கு 78.

வெற்றி நாளிலும் பழைய கேள்வி ஓய்வதில்லை. எல்லாருக்கும் ஒரே விழுக்காடு உயர்வு என்றால், காதுக்குச் சமத்துவம்போல ஒலிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 300 டாலர் பெறுபவனுக்குப் பத்து விழுக்காடு 30 டாலர், 100 டாலர் பெறுபவனுக்கு 10 டாலர். முன்பு 200ஆக இருந்த இடைவெளி 220 ஆகிவிடுகிறது! விழுக்காட்டைப் பார்ப்பதா, விதிகளைப் பார்ப்பதா? அழைப்புக்காகத் தொலைபேசியருகே காத்துக் கிடக்கும் இளையவனின் நிலையை உயர்த்துவதா, ஓய்வுபெறப் போகும் மூத்தவனின் கடைசி ஆண்டுகளைச் செழிக்கச் செய்வதா? ஒப்பந்த வரைவு வரும்போதெல்லாம் விமானிகளிடையே எழத்தக்க வழக்கு இது. அந்த வழக்கு நல்லது. வாதிடுகிற சங்கம் உயிரோடிருக்கிறது.

எந்த அளவுகோலால் இதை அளப்பது? அமெரிக்கப் பேரறிஞர் ஜான் ரால்ஸ், 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய தம் நூலில் ஒரு சோதனையைச் சொன்னார். சமுதாயத்தின் விதிகளை வகுக்க அமர்பவர்கள், அந்தச் சமுதாயத்தில் தாம் ஏழையாய்ப் பிறப்போமா, செல்வனாய்ப் பிறப்போமா என்பதை அறியாதவர்களாக இருந்தால் எந்த விதியை வகுப்பார்களோ, அதுவே நீதி என்பது அதன் கருத்து. அதையே நாம் ஊதிய ஒப்பந்தத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். கையெழுத்திடுமுன் உன்னையே கேள்: 'நான் சேர்ந்த நாள் எது என்பது எனக்குத் தெரியாது. நேற்றாக இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். அப்போதும் இதில் கையெழுத்திடுவேனா?' ஆம் என்றால் எழுது. இல்லை என்றால், பேனாவை மூடு.

இளந்தோழர்களே! ஆலையிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ, நாளை உங்கள் முன்னும் ஓர் ஒப்பந்தம் வரும். 'உங்களுக்கு ஒன்றும் குறையாது' என்ற தேன்மொழியும் உடன் வரும். அந்த நேரத்தில், அங்கே இல்லாத ஒருவனை நினையுங்கள். அவன் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். நாம் பாடம் சொல்லும் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கலாம். அவனுக்காகப் பேச அங்கே வேறு எவரும் இல்லை.

அவன் நாளை குறைந்த கூலி வாங்கும்போது, 'என் தலையெழுத்து' என்று சொல்லிக்கொள்வான். அது அவன் தலையெழுத்தன்று. நம் கையெழுத்து!